தகரக்கூரைக்குக் கீழே ஹெட்போன்: வயரா, வயர்லெஸ்ஸா?

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை, பகலில் பாதி நேரம் மீட்டிங். வீட்டுக்குக் கீழே தேயிலை ஃபேக்டரி, தலைக்கு மேலே தகரக்கூரை. மாதத்தில் ஓரிரு முறை பஸ்ஸில் கோவை போய் வரவேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்குள் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாம் என்றால் வயர் வைத்தது நல்லதா, வயர்லெஸ் நல்லதா? வயர் வைத்ததில் சார்ஜ் தொல்லை இல்லை என்று ஒருவர் சொல்கிறாராம், வயர்லெஸ்தான் இரைச்சலை நன்றாக அடக்கும் என்று இன்னொருவர் சொல்கிறாராம்.

இரண்டு பேருமே பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி. குன்னூரில் போனும் ஹெட்போனும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். தினமும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதால் சொல்கிறேன், இரைச்சலை அடக்கும் வேலைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ப்ளூடூத் பாட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். இரைச்சலை அடக்குவது காதுக் கிண்ணத்துக்குள் இருக்கும் மைக்குகளும் ஒரு சின்னச் சிப்பும். அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும், வயர் செருகியிருந்தாலும் வேண்டும். 3.5 மிமீ ஜாக் வழியாகப் பாட்டுதான் வருமே தவிர, சிப்பை ஓட்டுகிற அளவுக்குக் கரண்ட் வராது. அதனால்தான் போஸ் கம்பெனி 2014-ல் விட்ட கியூசி25 என்கிற வயர் ஹெட்போனிலும் ஒரு ஏஏஏ பேட்டரி போடவேண்டியிருந்தது. நல்ல சரக்கு அது. ஒரு பேட்டரியில் 35 மணி நேரம் ஓடும், பேட்டரி தீர்ந்தாலும் பாட்டு நிற்காது.

அந்த மாதிரி வயர் மட்டும் உள்ள ஏஎன்சி, அதாவது நாய்ஸ் கேன்சலிங், ஹெட்போன் இப்போது கடையில் கிட்டத்தட்ட இல்லை. 2016-ல் ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் ஜாக்கைத் தூக்கியது, மற்ற கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கின, ஏஎன்சி முழுக்க வயர்லெஸ் பக்கம் போய்விட்டது. ஆகவே உங்கள் முன்னால் இருப்பது வேறு கேள்வி. வயர் செருகும் வசதியும் உள்ள வயர்லெஸ் ஏஎன்சி ஹெட்போனா, அல்லது ஏஎன்சியே இல்லாமல் காதை இறுக அடைக்கிற சாதாரண வயர் இயர்போனா?

இதை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பெரிய ஃபேன்கள், ட்ரையருக்கு ஒரு புளோயர், இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி ரோலர்களைச் சுற்றும் மோட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று அடிவயிற்றில் கேட்கிற சத்தம். கொழுந்து வரத்து அதிகமான மாதங்களில் ராத்திரியும் நிற்காது. ஏஎன்சிக்கு அல்வா மாதிரியான சத்தம் இது.

ஏனென்றால் அது வேலை செய்யும் விதம் அப்படி. வெளியிலிருந்து வருகிற ஒலி அலையை மைக் பிடிக்கிறது, சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி ஸ்பீக்கரில் விடுகிறது, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆடும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்துவது போல. ஊஞ்சல் மெதுவாக ஆடினால் நேரம் பிடித்துத் தள்ளலாம், படபடவென்று ஆடினால் கை தப்பிவிடும். 100 ஹெர்ட்ஸ் சத்தம் ஒருமுறை ஏறி இறங்க 10 மில்லிசெகண்ட் ஆகிறது, சிப்புக்குத் தாராளமான நேரம். 4,000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்குக் கால் மில்லிசெகண்ட்தான். அதற்குள் துளி தாமதமானாலும் எதிர் அலை இடம் மாறி விழுந்துவிடும், சத்தம் குறைவதற்குப் பதில் கூடும். அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏஎன்சியை நம்பிப் பயனில்லை. அங்கே காதைச் சுற்றியுள்ள மெத்தைதான் சத்தத்தைத் தடுக்கிறது. நல்ல ஹெட்போன்கள் அடிச்சத்தத்தில், அதாவது ‘ம்ம்ம்’ மாதிரியான தாழ்ந்த ஒலியில், 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். 20 டெசிபல் என்றால் ஒலி அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது. ஃபேக்டரி ‘ம்ம்ம்’ எங்கே போனதென்றே தெரியாது.

இனி தகரக்கூரை மழைக்கு வாருங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தானே கொட்டும். தகரத்தில் விழும் மழையில் அடிச்சத்தமும் உண்டு, ‘சட சட’ என்ற மேல் சத்தமும் உண்டு. எல்லா அலைவரிசையும் கலந்த, ஒரு ஒழுங்கும் இல்லாத சத்தம். ஏஎன்சி அதில் அடிப்பாகத்தை மட்டும் உருவி எடுக்கும், மீதி ‘ஸ்ஸ்ஸ்’ என்று எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். மெமரி ஃபோம் முனை போட்ட சாதாரண வயர் இயர்போன் இந்த இடத்தில் விலை உயர்ந்த ஹெட்போனுக்குச் சமமாக நிற்கும், சில சமயம் முந்தியும் போகும். காதுத் துளையை முழுசாக அடைத்தால் மேல் சத்தம் நன்றாக அடங்கும், இதற்குக் கரண்டும் வேண்டாம். ஃபோமை விரலால் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்து, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்கவேண்டும். குளிரில் ஃபோம் விறைத்துக்கொள்ளும், சரியாக விரியாது. காலையில் போடுமுன் கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தால் இளகிவிடும்.

ஆள் பேச்சு, பக்கத்து வீட்டுச் சேவல், நாய்க் குரைப்பு இவற்றை எந்த ஏஎன்சியும் முழுசாக விழுங்காது. கடைக்காரர் அப்படிச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் இந்தத் தத்துவம் புதிதே இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூயெக் என்பவருக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அன்றைய மின்னணுவியலில் அதை ஹெட்போனாக்க முடியவில்லை. 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போன, போஸ் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சல்தான் கேட்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வந்தது. ஆக இந்தச் சாதனம் பிறந்ததே இன்ஜின் இரைச்சலை அடக்கத்தான். உங்கள் ஃபேக்டரிக்கு இது சரியாக வரும், மழைக்கு அரைகுறையாகத்தான் வரும்.

அடுத்தது மீட்டிங். வயரா வயர்லெஸ்ஸா என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் வருகிறது. பெட்டியின் மேல் ‘இஎன்சி’ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏஎன்சி என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். இஎன்சி என்பது உங்கள் மைக்கில் விழும் இரைச்சலை எதிர்முனையில் இருப்பவருக்காகக் குறைப்பது, உங்கள் காதுக்கு அதனால் ஒரு நிம்மதியும் இல்லை. ஏஎன்சி உங்கள் காதுக்கு, இஎன்சி உங்கள் மேனேஜர் காதுக்கு. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

ப்ளூடூத்தில் இன்னொரு சங்கடம். பாட்டுக் கேட்கும்போது ஒரு வழியில் ஒலி வருகிறது, மைக் திறந்த உடனே அது வேறு வழிக்கு மாறுகிறது. அந்த இரண்டாவது வழி போன் பேச்சுக்காக எப்போதோ வகுத்தது, குறுகலானது. ஸ்டீரியோ போய்விடும், குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். மீட்டிங் தொடங்கியதும் ஹெட்போன் கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஹெட்போனில் ஒரு கோளாறும் இருக்காது. எல்இ ஆடியோ என்ற புது முறை இதைச் சரிசெய்கிறது, ஆனால் லேப்டாப்பும் ஹெட்போனும் இரண்டுமே அதை ஆதரிக்கவேண்டும்.

இதற்கு நான் சொல்லும் வழி, காதுக்கு ஒன்று வாய்க்கு ஒன்று. ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு லேப்டாப்பில் ஒரு வயர் காலர் மைக். மீட்டிங் செட்டிங்கில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும், மைக்குக்குக் காலர் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். அப்போது ப்ளூடூத் அந்தக் குறுகல் வழிக்கு மாறாது. ஹெட்போனில் இருக்கும் மைக் கன்னத்துக்கு மேலே எங்கேயோ கிடக்கிறது, காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளலாம். மைக் வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்கு ஃபேக்டரிச் சத்தம் பின்னால் போகும். மிச்ச மீதியை ஜூம், டீம்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிற இரைச்சல் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். பல வயர்லெஸ் ஹெட்போன்களில் 3.5 மிமீ கேபிள் செருகினால் அதன் சொந்த மைக் வேலை செய்யாது என்பதால், வயரில் கேட்க நினைத்தாலும் இந்தத் தனி மைக் கைகொடுக்கும்.

ஒலித்தரம் பற்றிக் கேட்காமலே நிறையப் பேர் சண்டை போடுவார்கள். எல்டேக் என்கிற ப்ளூடூத் ஒலி முறை 990 கேபிபிஎஸ் வரை போகும், ஐபோனில் அது கிடையாது, வயருக்கு ஈடு இல்லை என்றெல்லாம். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கர்நாடகக் கச்சேரி கேட்கிறவருக்கு அது முக்கியம். மழைக்கு நடுவே மீட்டிங் கேட்கிறவருக்கு இல்லை. தாமதம் மட்டும் கவனிக்கவேண்டிய விஷயம். ப்ளூடூத்தில் ஒலி கால் செகண்ட் வரை பின்தங்கலாம். வீடியோ ஆப்கள் அதைச் சமாளித்துவிடும், கேம் ஆடினால் தெரியும்.

நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல் குல்லா. கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டு அதன்மேல் ஹெட்போனை மாட்டினால் மெத்தை தோலோடு ஒட்டாது. ஒட்டாத இடைவெளி வழியாக அடிச்சத்தம் உள்ளே வரும், சிப் எவ்வளவு முட்டினாலும் பாதிதான் அடங்கும். தடித்த கண்ணாடிக் காம்பும் இதே வேலையைச் செய்யும். மெல்லிய காம்பு உள்ள கண்ணாடியாகப் பாருங்கள். குளிர்காலத்தில் பெரிய ஹெட்போனே காதுக்குக் கம்பளி, அதனால் குல்லாவை அதற்கு மேலே போட்டுக்கொள்ளலாம். தொடு பட்டன் உள்ள மாடல் என்றால் கம்பளி உரசி அதுபாட்டுக்குப் பாட்டு மாறும். நிஜப் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். ஆடிக்காற்றில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வெளி மைக்கில் காற்று மோதி ‘புஸ் புஸ்’ என்று கேட்கும், அப்போது ஏஎன்சியை நிறுத்திவிடுவதே நல்லது.

பஸ்ஸில் கீழ் கியரில் மலை ஏறும் இன்ஜின் சத்தம் ஏஎன்சிக்குப் பிடித்த சத்தம்தான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருவதற்குள் காற்றழுத்தம் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, காது அடைக்கிறது. ஏஎன்சி போட்டாலும் சிலருக்குக் காதுக்குள் அழுத்துகிற மாதிரி இருக்கும். அது நிஜ அழுத்தம் இல்லை, அடிச்சத்தம் திடீரென்று காணாமல் போவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்கு இன்னும் சங்கடம். காதை அடைக்கிற இயர்போனைக் கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை கழற்றி வைத்துவிட்டு, எச்சில் விழுங்கிக் காதைத் திறந்துகொள்ளுங்கள். பொம்மை ரயிலில் குன்னூர்வரை ஏஎன்சி போட்டுக்கொண்டு வருகிற டூரிஸ்டுகளைப் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து தள்ளும் நீராவி இன்ஜினின் விட்டு விட்டு வரும் சத்தத்தை அது அடக்காது, அடக்கினால் அந்த டிக்கெட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

பொழுது சாய்ந்தபின் ஹட்டிக்குப் போகும் பாதையில் மட்டும் எதையும் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். தேயிலைச் செடிக்கு நடுவே நிற்கும் காட்டெருமையும் கரடியும் ஹார்ன் அடித்துவிட்டு வருவதில்லை. வெளிச்சத்தம் கேட்கும் மோடு இருக்கிறதே என்பீர்கள். அதில் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது சரியாகப் பிடிபடாது. கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு வருகிறவற்றை வைத்துச் சொன்னால், வயர் இயர்போன் சாவது பெரும்பாலும் போனில் செருகும் பின்னின் கழுத்தில்தான். வெட்டி, புது பின் வைத்துப் பற்றவைத்தால் போதும். கழற்றி மாட்டும் வயர் உள்ளதாக வாங்கினால் அதுவும் வேண்டாம், வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய வயர்லெஸ் ஹெட்போனில் பேட்டரியை மாற்றமுடியும். பட்டாணி மாதிரி காதில் செருகும் ஜோடியில் பேட்டரி செத்தால் அநேகமாக அதோடு முடிந்தது. இரண்டு, மூன்று வருஷத்தில் அது வரும். லித்தியம் பேட்டரியின் ஆயுள் அவ்வளவுதான், நூறிலிருந்து சுழிவரை வடிய விடாமல் இருந்தால் கொஞ்சம் நீளும். மெத்தையின் மேலுள்ள செயற்கைத் தோல் நம் ஈரத்தில் சீக்கிரம் உரிந்து கறுப்புச் செதிளாகக் கழுத்தில் ஒட்டும். பனி புகும் ஜன்னல் பக்கம் மாட்டி வைக்காமல், மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாங்கும்போதே அந்த மாடலுக்குத் தனி மெத்தை கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மரம் விழுந்து கரண்ட் போனால் ராத்திரிவரை வராத நாட்கள் உங்களுக்குத் தெரியும். முப்பது மணி நேரம் ஓடும் ஹெட்போனுக்கு அது பெரிய விஷயமில்லை, வைஃபைதான் முதலில் போகும்.

ஆக உங்களுக்கு என் சிபாரிசு, காதை முழுதும் மூடும் வயர்லெஸ் ஏஎன்சி ஹெட்போன், 3.5 மிமீ ஜாக் உள்ளது, கூடவே ஒரு காலர் மைக். சோனி டபிள்யூஎச்-சிஎச்720என் இந்த விலைக்குப் பக்கத்தில் வருகிறது, 192 கிராம்தான், பகல் முழுக்கப் போட்டாலும் கழுத்து வலிக்காது. அதுதான் வாங்கவேண்டும் என்றில்லை. கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். பேட்டரி தீர்ந்தால் வயரில் பாடுமா? சார்ஜ் ஏறும்போது பயன்படுத்த முடியுமா, அல்லது அணைந்துவிடுமா? யுஎஸ்பி-சி வழியாக ஒலியும் போகுமா, சார்ஜ் மட்டும்தானா? கோவைக்கு எப்படியும் போகிறீர்கள், அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாட்டுப் போடாமல், கடை ஏசிக்குக் கீழே நின்று ஏஎன்சியைப் போட்டு அணைத்துப் பாருங்கள், உங்கள் கண்ணாடியோடு. சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆன்லைனில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு வாரண்டிக்கு இரண்டு தடவை மலை இறங்குவதில் லாபமில்லை.

வால்யூமைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உங்கள் வேலை நேரமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். இரைச்சல் அடங்கினால் வால்யூமை ஏற்றத் தோன்றாது, ஏஎன்சிக்குக் கொடுக்கும் காசில் பாதி அதற்குத்தான். வீட்டில் யாராவது ஃபேக்டரிக்குள்ளேயே வேலை பார்த்தால் அவருக்கு இதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கே போடவேண்டியது தொழிற்சாலைக்கென்று தரம் குறித்த காதடைப்பான்.

பத்தாயிரம் இப்போது கையில் இல்லை, மூவாயிரம்தான் என்றால் ஏஎன்சி பக்கமே போகாதீர்கள். அந்த விலையில் ஏஎன்சி என்று போட்டு விற்பவற்றில் பல அடிச்சத்தத்தைப் பேருக்குத்தான் குறைக்கும். நல்ல வயர் இயர்போன் ஒன்று, உங்கள் காதுக்குச் சரியான அளவில் இரண்டு ஜோடி ஃபோம் முனை, போனில் ஜாக் இல்லையென்றால் உள்ளே டாக் சிப் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றுவது) உள்ள யுஎஸ்பி-சி அடாப்டர், ஒரு காலர் மைக். எல்லாம் சேர்த்தே மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஃபேக்டரிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், மழை அவ்வளவாகக் கேட்காது.